ஜனவரியில் திறந்திருக்கும் ஜன்னல்கள்: நியூயார்க் நகரின் 97ஆம் எண் சட்டம், ஒரு நிகழ்வு ஆய்வு

ஜனவரி மாதம் நியூயார்க்கில் குளிர் உறைநிலைக்குக் கீழே போயிருக்கும் ஒரு நாளில், பழைய செங்கல் அடுக்குமாடிகளை அண்ணாந்து பார்த்தால் ஒரு விநோதம் கண்ணில் படும். நான்காவது மாடியில் ஒரு ஜன்னல் பாதி திறந்திருக்கும். ஆறாவது மாடியில் இன்னொன்று முழுக்கத் திறந்திருக்கும். உள்ளே இருப்பவருக்கு வெக்கை தாங்கவில்லை. அடித்தளத்தில் பாய்லர் எரிந்துகொண்டே இருக்கிறது, சூடு மேலே வந்துகொண்டே இருக்கிறது. அதைக் குறைக்க அவரிடம் ஒரு திருகு கூட இல்லை. ஜன்னலைத் திறப்பது ஒன்றுதான் அவரால் முடிந்தது.

பெரிய நகரத்தின் கார்பன் உமிழ்வு என்றதும் கார்களும் ஆலைப் புகைபோக்கிகளும்தான் நம் மனதில் வரும். நியூயார்க்கின் கணக்கு வேறு. அந்த நகரத்தில் பாதிக்கும் மேற்பட்ட வீடுகளில் கார் கிடையாது. கனரக ஆலைகளும் அதிகம் இல்லை. நகரத்தின் பசுமை இல்ல வாயுக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கட்டடங்கள் பயன்படுத்தும் எரிசக்தியிலிருந்து வருகிறது: அடித்தளத்தில் எரியும் எரிவாயு, எண்ணெய், வெளியிலிருந்து வாங்கும் நீராவி, மின்சாரம்.

இந்தக் கட்டடங்களை ஒவ்வொன்றாகக் கணக்குக் கேட்கும் சட்டம் ஒன்றை நியூயார்க் நகர மன்றம் 2019 ஏப்ரலில் நிறைவேற்றியது. அதன் பெயர் 97ஆம் எண் உள்ளூர்ச் சட்டம். 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஆண்டுக்கு இவ்வளவுதான் கார்பன் என்று ஒரு வரம்பு. அதைத் தாண்டும் ஒவ்வொரு டன்னுக்கும் 268 டாலர் அபராதம். உலகின் பல நகரங்கள் கவனமாகப் பார்த்துக்கொண்டிருக்கும் சட்டம் இது. இதை நான் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்ததில் எனக்குப் பட்டது ஒன்றுதான். நியூயார்க்கின் கார்பன் சிக்கல், அடிப்படையில் சூடேற்றும் சிக்கல். விளக்கை மாற்றுவதும் மின்சாரத்தைச் சேமிப்பதும் சட்டத்தின் முதல் கட்டத்துக்குப் போதுமானதாக இருந்தன. 2030இல் வரும் இரண்டாம் கட்டம் நேராக அந்த அடித்தளத்துப் பாய்லரைக் கேட்கிறது.

ஒற்றைக் குழாய் நீராவி

பாய்லரைப் புரிந்துகொள்ளாமல் இந்தச் சட்டத்தைப் புரிந்துகொள்ள முடியாது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நியூயார்க் வீடுகளில் ரேடியேட்டர் என்பது ஜன்னலுக்கு அடியில் நிற்கும் கனத்த வார்ப்பிரும்புக் கூடு. கீழே பாய்லர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். நீராவி குழாயில் ஏறி ரேடியேட்டரை நிரப்பி, வெப்பத்தைக் கொடுத்துவிட்டுத் தண்ணீராகி இறங்கும். பல பழைய கட்டடங்களில் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஒரே குழாய்தான். அதனால் ரேடியேட்டரின் வால்வை முழுக்கத் திறக்கலாம், முழுக்க மூடலாம்; பாதியில் வைக்கக் கூடாது. வைத்தால் இறங்கும் தண்ணீரும் ஏறும் நீராவியும் மோதிக்கொண்டு, குழாயைச் சம்மட்டியால் அடிப்பது போன்ற சத்தம் இரவெல்லாம் கேட்கும்.

இந்தக் கட்டடங்களில் ஏராளமானவை 1920களில் எழுந்தவை. 1918 இன்ஃப்ளுயன்சா கொள்ளைநோயின் நினைவு அப்போது ஆறவில்லை. வீட்டுக்குள் சுத்தமான காற்று ஓட வேண்டும் என்ற கருத்து வலுவாக இருந்தது. ஆகவே கடுங்குளிரிலும் ஜன்னலைத் திறந்து வைத்தபடி வீட்டைச் சூடாக வைக்கும் அளவுக்குப் பெரிய பாய்லர்களைப் பொறியாளர்கள் வைத்தார்கள். அப்புறம் ஜன்னல்களை மாற்றினார்கள், இடுக்குகளை அடைத்தார்கள். பாய்லர் மாறும்போதும் அதே அளவில் இன்னொன்று வந்து உட்கார்ந்தது.

இதோடு சட்டமும் சேர்ந்துகொள்கிறது. அக்டோபர் 1 முதல் மே 31 வரை, வெளியே 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கினால், காலை 6 மணியிலிருந்து இரவு 10 மணி வரை ஒவ்வொரு வீட்டிலும் குறைந்தது 68 டிகிரி, அதாவது நம் கணக்கில் 20 டிகிரி செல்சியஸ், இருந்தாக வேண்டும். இரவில் 62 டிகிரி. குடியிருப்பவரைக் காக்கும் நல்ல விதி இது; இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கட்டடம் முழுவதுக்கும் ஒரே பாய்லர், வீட்டுக்கு வீடு கட்டுப்பாடு கிடையாது. பாய்லருக்குப் பக்கத்தில் இருக்கும் வீட்டுக்கு நீராவி முதலில் போய்ச் சேரும்; கடைசி மாடியின் மூலை வீட்டுக்குத் தாமதமாகத்தான் போகும். அந்த மூலை வீடு 68ஐத் தொடும்வரை பாய்லர் எரிய வேண்டும். அதற்குள் மற்ற வீடுகள் 75, 80 என்று போய்விடும். அங்கேதான் ஜன்னல்கள் திறக்கின்றன.

சரி, இந்த வீணுக்கு யார் பணம் கட்டுகிறார்கள்? சூடேற்றும் செலவு பெரும்பாலும் வாடகைக்குள் அடக்கம். ஜன்னலைத் திறப்பவருக்கு பில் வருவதில்லை. பாய்லர் கட்டுப்பாட்டை மாற்ற வேண்டியவர் உரிமையாளர்; எரிபொருள் செலவைப் பல ஆண்டுகளாக வாடகைக் கணக்கில் சேர்த்துப் பழகியவர். மின்சாரத்தில் இது தலைகீழாக இருக்கிறது. பில் கட்டுவது வாடகைதாரர், ஜன்னலையும் சுவரையும் சரிசெய்ய வேண்டியது உரிமையாளர். செலவு செய்பவர் ஒருவர், மிச்சம் பெறுபவர் இன்னொருவர். கட்டட எரிசக்தி என்று எங்கே பேசினாலும் இந்த முடிச்சு வந்து நிற்கும். நியூயார்க்கில் அது நூறு ஆண்டுக் குழாய்களோடு சேர்ந்து இறுகிக் கிடக்கிறது.

மன்ஹாட்டனின் பெரிய கட்டடங்கள் பலவற்றில் பாய்லரே கிடையாது. 1882 முதல் தெருவுக்கு அடியில் ஓடும் நீராவிக் குழாய்களிலிருந்து அவை சூட்டை வாங்குகின்றன. இன்று கான் எடிசன் நிறுவனம் நடத்தும் அந்த வலையின் நீளம் சுமார் 105 மைல்.

அளந்த பத்து ஆண்டுகள்

97ஆம் சட்டம் திடீரென்று வந்ததாக நினைப்பவர்கள் உண்டு. அதற்கு முன் பத்து ஆண்டு உழைப்பு இருக்கிறது. மேயர் மைக்கேல் ப்ளூம்பெர்க் காலத்தில், 2007இல், பிளான்ஒய்சி என்ற நீண்டகாலத் திட்டம் வந்தது. 2009 டிசம்பரில் நான்கு சட்டங்கள் ஒன்றாக நிறைவேறின. அவற்றில் 84ஆம் எண் சட்டம் கேட்டது ஒன்றே ஒன்று: 50,000 சதுர அடிக்கு மேற்பட்ட ஒவ்வொரு கட்டடமும் ஆண்டுதோறும் எவ்வளவு மின்சாரம், எரிவாயு, எண்ணெய், நீராவி, தண்ணீர் செலவழித்தது என்று நகரத்துக்குச் சொல்ல வேண்டும். குறைக்கச் சொல்லவில்லை, அளந்து சொன்னால் போதும். நகரம் அந்தக் கணக்கைக் கட்டடம் வாரியாக எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டது. 87ஆம் எண் சட்டம் பத்து ஆண்டுக்கு ஒருமுறை எனர்ஜி ஆடிட் கேட்டது.

இந்த அளவீடுதான் முழு முயற்சிக்கும் அஸ்திவாரம் என்பேன். பக்கத்துப் பக்கத்தில் ஒரே வயது, ஒரே உயரத்தில் நிற்கும் இரண்டு கட்டடங்களில் ஒன்று மற்றதைவிடப் பல மடங்கு எரிப்பதை இந்தக் கணக்கு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. அப்படியானால் பழைய கட்டடம் என்பதே காரணமாக இருக்க முடியாது. பராமரிப்பில்தான் பெரும் வேறுபாடு இருக்கிறது. 2016இல் இந்த விதி 25,000 சதுர அடிக் கட்டடங்களுக்கும் விரிந்தது. 2020 முதல் பள்ளி மதிப்பெண் போல ஏ, பி, சி, டி என்று ஓர் எழுத்தை வாசலில் ஒட்ட வேண்டும் என்றானது.

இதே காலத்தில் நடந்த இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். ஏறத்தாழ 10,000 கட்டடங்கள் 6ஆம் எண், 4ஆம் எண் எண்ணெய்களை எரித்துவந்தன. 6ஆம் எண் என்பது நம் ஊர்த் தொழிற்சாலைகளில் ஃபர்னஸ் ஆயில் என்று சொல்கிறோமே, அந்தக் கெட்டியான எண்ணெய். சூடாக்கினால்தான் குழாயில் ஓடும். நகரத்துக் கட்டடங்களில் இவை 1 சதவீதம்தான். ஆனால் நகரத்தின் கார்களும் லாரிகளும் சேர்ந்து கக்கிய கரித்துகளைவிட இவை அதிகமாகக் கக்கின. 2011இல் வந்த விதி 6ஆம் எண் எண்ணெயை 2015க்குள் நிறுத்தியது. பலன் சீக்கிரமே தெரிந்தது. காற்றில் கந்தக டை ஆக்சைடு 2008இல் இருந்ததைவிட 69 சதவீதம் குறைந்துவிட்டதாக 2013இல் நகர நிர்வாகம் அறிவித்தது. ஒரு நகரம் தன் மக்களின் நுரையீரலுக்குச் செய்த பெரிய நன்மை இது.

ஆனால் அந்தக் கட்டடங்களில் பல எண்ணெயை விட்டுவிட்டு எரிவாயுவுக்குப் போயின. புது கேஸ் பாய்லர் முப்பது ஆண்டு உழைக்கும். 2013இல் வைத்த பாய்லர் 2043 வரை நிற்கும். காற்றைச் சுத்தப்படுத்திய அதே முடிவு, கார்பன் கணக்கில் முப்பது ஆண்டுக்கு ஒரு பூட்டைப் போட்டுவிட்டது. அன்று அதைச் செய்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. குளிர் நாடுகளில் குளிரைத் தாங்கும் ஹீட் பம்ப் (வெளிக்காற்றிலிருந்து சூட்டை உள்ளே இழுத்துவரும் மின்கருவி, ஏசியின் தலைகீழ்) அப்போது இன்றைய அளவுக்கு வளர்ந்திருக்கவில்லை. இருந்தாலும் இன்று ஒரு நகரம் எண்ணெயிலிருந்து எரிவாயுவுக்கு மாறத் திட்டமிட்டால், நியூயார்க்கின் இந்த அனுபவத்தை ஒருமுறை பார்த்துவிட்டுச் செய்வது நல்லது.

எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் நடந்தது

சட்டம் வருவதற்கு முன்பே, பழைய கட்டடத்தை எந்த வரிசையில் சரிசெய்ய வேண்டும் என்பதைக் காட்டிய வேலை இது. 1931இல் கட்டிய 102 மாடிக் கட்டடம். 2009இல் அறிவித்த திட்டத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட யோசனைகளை அலசி, எட்டைத் தேர்ந்தெடுத்தார்கள்.

முதலில் ஜன்னல்கள். மொத்தம் 6,514. அவற்றைத் தூக்கிப் போட்டுப் புதிது வாங்கவில்லை. கட்டடத்தின் ஐந்தாவது மாடியிலேயே ஒரு பட்டறை போட்டு, இரண்டு கண்ணாடிகளையும் பிரித்து, நடுவில் மெல்லிய படலம் ஒன்றை வைத்து, வெப்பத்தைத் தடுக்கும் வாயு நிரப்பித் திரும்ப மாட்டினார்கள். பழைய கண்ணாடியிலும் சட்டத்திலும் பெரும்பகுதி அப்படியே பயன்பட்டது. ரேடியேட்டருக்கும் வெளிச்சுவருக்கும் நடுவில் சூட்டை அறைக்குள்ளேயே திருப்பி அனுப்பும் தடுப்பு வைத்தார்கள்.

இதனால் கோடைக்காலத்தில் ஏசிக்குத் தேவைப்படும் உச்ச அளவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அதுவரை, பழைய சில்லர் இயந்திரங்களை எடுத்துவிட்டு இன்னும் பெரியவை வைக்க வேண்டும் என்பதே திட்டம். தேவை குறைந்ததும், இருக்கும் இயந்திரங்களையே புதுப்பித்தால் போதும் என்றானது. அதில் மட்டும் 1.7 கோடி டாலருக்கு மேல் செலவு தவிர்ந்தது. ஜன்னலுக்குச் செலவழித்த பணம் சில்லர் அறையில் திரும்பி வந்தது! இயந்திரத்தை முதலில் மாற்றிவிட்டு ஜன்னலைப் பிறகு பார்த்திருந்தால் இந்த மிச்சம் கிடைத்திருக்காது. மொத்தத்தில் எரிசக்திச் செலவு 38 சதவீதம், ஆண்டுக்கு 44 லட்சம் டாலர் குறையும் என்று கணக்கிட்டார்கள். கூடுதலாகப் போட்ட பணம் மூன்று ஆண்டில் திரும்பும் என்பது மதிப்பீடு.

ஆனால் அது ஒரே உரிமையாளரின் கட்டடம். பெரிய பணம், உலகப் புகழ், சிறந்த பொறியாளர்கள். நகரத்தின் குவீன்ஸ், பிராங்க்ஸ் பகுதிகளில் இருக்கும் ஆறு மாடி வீட்டுத் தொகுதிக்கு இவை எதுவும் இல்லை. அங்கேதான் 97ஆம் சட்டத்தின் உண்மையான சோதனை.

சட்டம் போடும் கணக்கு

நகரத்தில் பத்து லட்சம் கட்டடங்கள் இருக்கின்றன. சட்டத்துக்குள் வருபவை சுமார் 50,000. எண்ணிக்கையில் இருபதில் ஒன்று, தளப் பரப்பில் பாதிக்கும் மேல். மன்றத்தில் இதைக் கொண்டுவந்தவர் குவீன்ஸின் அஸ்டோரியா பகுதி உறுப்பினர் கோஸ்டா கான்ஸ்டான்டினிடெஸ். நகரத்துக்கு மின்சாரம் கொடுக்கும் பழைய மின்நிலையங்களும் அவற்றின் புகையும் அந்தப் பகுதிக்காரர்களுக்குப் பழகிப்போனவை. 2012 அக்டோபரில் சாண்டி புயல் லோயர் மன்ஹாட்டனை நாள்கணக்கில் இருளில் தள்ளியதும் நகரத்தின் மனதிலிருந்து போகவில்லை.

சட்டம் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு கற்பனைக் கட்டடத்தை வைத்துப் பார்ப்போம். 1,00,000 சதுர அடி, சுமார் நூறு வீடுகள். ஆண்டுக்கு 80,000 தெர்ம் எரிவாயு எரிக்கிறது. தெர்ம் என்பது அங்கே கேஸ் பில்லில் வரும் அளவு. பொது விளக்கு, லிஃப்ட், வீடுகள் எல்லாம் சேர்ந்து 6,00,000 யூனிட் மின்சாரம்.

ஒரு தெர்ம் எரிவாயுவுக்கு 5.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்பது கணக்கு. ஆக, எரிவாயுவிலிருந்து 425 டன். 2024 முதல் 2029 வரை ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 0.289 கிலோ. அது 173 டன். மொத்தம் 598 டன். இந்தக் கட்டத்தில் குடியிருப்புக் கட்டடத்துக்கான வரம்பு சதுர அடிக்கு 6.75 கிலோ, அதாவது நம் கட்டடத்துக்கு 675 டன். தாராளமாகத் தேறிவிட்டது.

2030க்கு வருவோம். வரம்பு சதுர அடிக்கு சுமார் 3.35 கிலோவாக இறங்குகிறது. நம் கட்டடத்துக்கு 335 டன். மின்சாரம் அப்போது சுத்தமாகியிருக்கும் என்ற கணிப்பில் யூனிட்டுக்கு 0.145 கிலோதான் போடுகிறார்கள். ஆகவே மின்சாரம் 87 டன்னாகக் குறைகிறது. எரிவாயுவோ அதே 425. அது ஒன்றே வரம்பைத் தாண்டிவிடுகிறது. எல்லா விளக்கையும் எல்இடி ஆக்கினாலும், மின்சாரத்தையே ஒருவர் தொடாவிட்டாலும் இந்தக் கட்டடம் தப்ப முடியாது. 177 டன் அதிகம். ஆண்டுக்கு 47,000 டாலருக்கு மேல் அபராதம்.

இப்போது பாய்லருக்குக் கட்டுப்பாட்டுக் கருவி வைத்து, குழாய்களுக்கு உறை சுற்றி, ரேடியேட்டர் வால்வுகளை மாற்றி எரிவாயுவில் ஐந்தில் ஒரு பங்கை மிச்சம் பிடித்தாலும், 340 டன் மிஞ்சும். இன்னும் போதவில்லை. மாறாக, அந்தச் சூடு முழுவதையும் ஹீட் பம்ப் கொடுத்தால்? பாய்லரின் திறன் 80 சதவீதம், ஹீட் பம்ப் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இரண்டரை யூனிட் சூடு தரும் என்று வைத்துக்கொண்டால், ஏறத்தாழ 7,50,000 யூனிட் கூடுதல் மின்சாரம் தேவை. 2030 கணக்கில் அது 109 டன். பழைய 87ஐயும் சேர்த்தால் 196 டன். வரம்புக்கு வெகு கீழே.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான் சட்டத்தின் நோக்கம் எனக்கு முழுதாகப் புரிந்தது. அடித்தளத்தில் தீ எரியும்வரை 2030 வரம்பைத் தொடுவது மிகக் கடினம். சட்டத்தின் எந்தப் பிரிவும் பாய்லரை எடு என்று சொல்லவில்லை. வரம்பின் எண்தான் அதைச் சொல்கிறது.

நகரத்தின் 2023ஆம் ஆண்டுக் கணக்கும் இதையே காட்டுகிறது. சட்டம் நிறைவேறியபோது ஏறத்தாழ 20 சதவீதக் கட்டடங்கள் 2024 வரம்புக்கு வெளியே இருந்தன. 2023இல் அது சுமார் 11 சதவீதமாகக் குறைந்திருந்தது. 2030 வரம்பை வைத்துப் பார்த்தால் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டவை வெளியே நின்றன.

அபராதத்தின் அளவு பற்றியும் ஒரு வார்த்தை. நம் கற்பனைக் கட்டடத்தின் 47,000 டாலரை நூறு வீடுகளுக்குப் பிரித்தால் வீட்டுக்கு மாதம் 40 டாலர். ஒரு கட்டடம் முழுவதற்கும் ஹீட் பம்ப் வைக்கும் செலவோடு ஒப்பிட்டால் இது சின்னத் தொகை. சில உரிமையாளர்கள் அபராதத்தையே ஒரு செலவாக எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள் என்ற பயம் எனக்கு உண்டு. ஆண்டுதோறும் தர வேண்டிய உமிழ்வு அறிக்கையையே கொடுக்காதவர்களுக்குச் சதுர அடிக்கு மாதம் அரை டாலர் என்பது கடுமையானது. நம் கட்டடத்துக்கு அது மாதம் 50,000 டாலர்! கணக்கை மறைப்பதற்கான தண்டனை, அதிகமாக எரிப்பதற்கான தண்டனையைவிடப் பெரிது. அளவீட்டிலிருந்து வளர்ந்த சட்டம் என்பது இதிலும் தெரிகிறது.

எதிர்த்தவர்களும் அவர்களின் நியாயமும்

எதிர்ப்பு எல்லாமே பெரிய ரியல் எஸ்டேட் முதலாளிகளிடமிருந்து வந்தது என்று எழுதினால் அது பாதி உண்மை. வழக்குத் தொடுத்தவர்களில் முக்கியமானது கிளென் ஓக்ஸ் வில்லேஜ், குவீன்ஸின் கிழக்கு ஓரத்தில் ஏறத்தாழ 2,900 வீடுகள் கொண்ட கூட்டுறவுக் குடியிருப்பு. அங்கே வீட்டுக்காரர்களே உரிமையாளர்கள். ஓய்வு பெற்றவர்கள், நடுத்தரக் குடும்பங்கள். பாய்லரை மாற்றும் செலவு வேறெந்த முதலாளியின் பையிலிருந்தும் வராது. மாதாந்திரப் பராமரிப்புக் கட்டணத்தில்தான் ஏறும். அவர்களுடைய கவலையை நான் நியாயமானதாகவே பார்க்கிறேன்.

மாநிலமே 2019இல் காலநிலைச் சட்டம் போட்டுவிட்டதால் நகரத்துக்குத் தனிச் சட்டம் போட அதிகாரம் இல்லை என்பது வழக்கின் முக்கிய வாதம். 2025 மே மாதம் மாநிலத்தின் உச்ச அமர்வான மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மாநிலச் சட்டம் நகரத்தின் கையைக் கட்டவில்லை என்று தீர்ப்பு வந்தது. முதல் அறிக்கைக்கான தேதி 2025 மே 1 என்பதால், இந்தத் தீர்ப்பு வந்த நேரம் முக்கியமானது.

வாடகைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட வீடுகள் இன்னொரு கடினமான இடம். அங்கே பெரிய மராமத்துச் செலவில் ஒரு பகுதியை வாடகையில் ஏற்ற மாநில விதி இடம் கொடுக்கிறது. கார்பனைக் குறைக்கப் போய் ஏழைக் குடும்பத்தின் வாடகை ஏறினால் அந்தச் சட்டம் யாருக்கு? ஆகவே 35 சதவீதத்துக்கு மேல் கட்டுப்பாட்டு வீடுகள் உள்ள கட்டடங்களுக்கு வேறு வழி வைத்தார்கள். 2030 வரம்பை முன்கூட்டியே எட்டிக் காட்டலாம். அல்லது 13 எளிய வேலைகளை முடிக்கலாம். குழாய்க்கு உறை, கசியும் ஸ்டீம் ட்ராப்களை (நீராவியைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் இறங்க விடும் வால்வுகளை) சரிபார்த்தல், அறைக்குள் உணர்கருவி, பாய்லர் வெப்பநிலையைச் சரியாக வைத்தல், ரேடியேட்டருக்குப் பின்னால் தடுப்பு. இதில் எதுவும் புதுக் கண்டுபிடிப்பு கிடையாது. ஒரு நல்ல பிளம்பர் செய்யக்கூடியவை. சட்டத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஜனவரியில் திறக்கும் ஜன்னல்களில் பலவற்றை மூட இந்தப் பதின்மூன்றே போதும்.

உரிமையாளர்கள் கேட்ட இன்னொரு சலுகை, தூரத்தில் உற்பத்தியாகும் காற்றாலை, சூரிய மின்சாரத்துக்கான சான்றிதழ்களை வாங்கித் தங்கள் கணக்கைக் கழித்துக்கொள்வது. தாராளமாக விட்டிருந்தால் சட்டமே ஓட்டையாகியிருக்கும். நகரத்தின் மின்கட்டமைப்புக்குள் வந்து சேரும் மின்சாரத்துக்கான சான்றிதழை மட்டும்தான் ஏற்கலாம், அதுவும் கட்டடத்தின் மின்சார உமிழ்வை மட்டும்தான் கழிக்கலாம் என்று வரம்பு வைத்தார்கள். பாய்லரின் தீயைச் சான்றிதழால் அணைக்க முடியாது என்பதில் நகரம் உறுதியாக இருந்தது. அதே சமயம், 2023 விதிகளில் நேர்மையான முயற்சி எடுப்பவர்களுக்கு இரண்டு ஆண்டு அவகாசம் கொடுத்தார்கள். சுற்றுச்சூழல் அமைப்புகள் அதைக் கண்டித்தன. என்னைக் கேட்டால், பாய்லரை எடுப்பதற்கான திட்டத்தைக் கையெழுத்திட்டுக் கொடுப்பவருக்கு அவகாசம் தரலாம்.

நகரத்தின் கைக்கு எட்டாத மின்சாரம்

சூட்டை மின்சாரத்துக்கு மாற்றினால் அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி வந்துவிடும். இங்கே நகரம் பலவீனமான இடத்தில் நிற்கிறது. நகரத்துக்கு வடக்கே சுமார் 40 கிலோமீட்டரில் இருந்த இந்தியன் பாயிண்ட் அணுமின் நிலையம் நகரமும் பக்கத்து வெஸ்ட்செஸ்டர் மாவட்டமும் பயன்படுத்திய மின்சாரத்தில் ஏறத்தாழ கால் பங்கைக் கொடுத்துவந்தது. பாதுகாப்புக் கவலைகளால் அதை மூட வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டு நடந்தது. கடைசி உலை 2021 ஏப்ரல் 30 அன்று நின்றது. அதன் இடத்தைப் பெருமளவு எரிவாயு மின்நிலையங்கள் நிரப்பின. கட்டடங்கள் மின்சாரத்துக்கு வரச் சட்டம் தூண்டும் அதே ஆண்டுகளில், மின்சாரம் அழுக்காகிப்போனது. 2030க்குள் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்ற மாநில இலக்கு எட்டாது என்று மாநில அமைப்புகளே ஒப்புக்கொண்டுவிட்டன.

நகரம் நம்பியிருக்கும் பெரிய வரவு ஒன்று, கனடாவின் கியூபெக்கிலிருந்து வரும் நீர்மின்சாரம். சாம்ப்ளெய்ன் ஏரிக்கும் ஹட்சன் ஆற்றுக்கும் அடியில் புதைத்து, அஸ்டோரியா வரை 339 மைல் நீளும் கேபிள். 1,250 மெகாவாட் திறன். கட்டுமானம் 2022இல் தொடங்கியது. கட்டடக் கணக்கில் வரும் அந்த 0.145 என்ற எண் உண்மையாக வேண்டுமானால் இது போன்றவை வந்தாக வேண்டும். அதோடு, எல்லா வீடும் மின்சாரத்தில் சூடேறத் தொடங்கினால், இன்று கோடையில் வரும் மின்தேவையின் உச்சம் குளிர்காலத்துக்கு நகரும். தெருவுக்கடியில் இருக்கும் கேபிள்களும் துணைமின் நிலையங்களும் அதற்குத் தயாராக வேண்டும்.

ஜன்னலில் உட்காரும் பெட்டி

சுவரை உடைக்காமல், குடியிருப்பவரை வெளியேற்றாமல் நூறு ஆண்டுக் கட்டடத்தில் ஹீட் பம்ப் வைப்பது எப்படி? இதற்கு ஒரு பதில் நகரத்தின் பொதுக் குடியிருப்புகளிலிருந்து வந்தது. 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழும் அந்தக் குடியிருப்புகளில் குளிர்காலத்தில் பாய்லர் பழுதாகி மக்கள் நடுங்கியது பல ஆண்டுச் செய்தி. அங்கே சூடேற்றும் அமைப்பை எப்படியும் மாற்றியாக வேண்டும். ஜன்னல் கட்டையின் மேல் குதிரைச் சேணம் போல உட்கார்ந்து, சாதாரண சுவர் பிளக்கில் ஓடும் ஹீட் பம்ப் ஒன்றைச் செய்து தாருங்கள் என்று குடியிருப்பு ஆணையம் நிறுவனங்களுக்குப் போட்டி வைத்தது. 2022இல் கிரேடியண்ட் (Gradient), மிடியா (Midea) என்ற இரண்டு நிறுவனங்கள் தேர்வாயின. மொத்தம் 30,000 பெட்டிகள், 7 கோடி டாலர். முதல் சோதனை குவீன்ஸின் வுட்சைட் குடியிருப்பில், 24 வீடுகளில் 72 பெட்டிகளோடு நடந்தது.

பெட்டி வந்த வீடுகளில், குடியிருப்பவர் தன் அறையின் சூட்டைத் தானே கூட்டலாம், குறைக்கலாம். கோடையில் அதுவே ஏசி. ஆணையத்தின் குடியிருப்புகளில் பெரும்பாலும் மின்கட்டணத்தை ஆணையமே கட்டுவதால், சூட்டின் செலவு குடியிருப்பவர் தலையில் விழவில்லை. தனியார் கட்டடங்களில் அப்படி இல்லை. அங்கே பாய்லர் நின்று ஜன்னல் பெட்டி வந்தால், உரிமையாளரின் கேஸ் பில் வாடகைதாரரின் மின்சார பில்லாக மாறிவிடும். உரிமையாளரின் அபராதம் நீங்கும், வாடகை குறையாது. பெட்டிக்குத் தனி மீட்டர் வைத்து அந்த பில்லை உரிமையாளரே கட்டலாம், அல்லது சூட்டுக்காக வாங்கிவந்த தொகையை வாடகையில் கழிக்கலாம். இதற்கான விதி 2030க்குள் எழுதப்பட வேண்டும். பெட்டிகள் ஜன்னலுக்கு வருவதற்கு முன்பே எழுதினால் இன்னும் நல்லது.